ஜூன் வெயிலைத் தாங்கினேன், செப்டம்பரில் மயங்கி விழுந்தேன்: ஏன் டாக்டர்?

கேள்வி:

வணக்கம் டாக்டர். எனக்கு வயது 37. சொந்த ஊர் தென்காசி. சங்கரன்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் பல வருடம் அறிவியல் எடுத்தேன். இந்த ஏப்ரலில் ஷார்ஜாவில் ஓர் இந்தியப் பள்ளியில் சேர்ந்தேன். கணவரும் மகனும் ஊரில் இருக்கிறார்கள். நான் அல் நஹ்தாவில் இன்னும் இரண்டு டீச்சர்களோடு ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். மே, ஜூன் வெயிலைச் சமாளித்துவிட்டேன். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் ஊருக்கு வந்து, பள்ளி திறப்பதற்கு முந்தின நாள்தான் திரும்பினேன். திறந்த மூன்றாம் நாள் காலை அசெம்பிளியில் கண் இருட்டி விழுந்துவிட்டேன். அப்போது மணி ஏழரைகூட ஆகவில்லை, சரியாக வெயிலும் ஏறவில்லை. ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து சாயங்காலம் தலைவலி, ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது, நீர்க்கடுப்பு வேறு. தலைவலிக்கு இப்யூபுரூஃபன் போடுகிறேன். இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரையும் உண்டு: டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. பீரியடுக்கு நடுவே பாத்ரூம் போக நேரம் கிடைக்காததால் மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டரை மணிக்கு வெயிலில் பஸ் டியூட்டி. கூட வேலை பார்ப்பவர் உப்பு மாத்திரை சாப்பிடச் சொல்கிறார். அல் ஐனில் இருக்கும் சித்தப்பாவோ, "இங்கே 46 டிகிரி, நாங்கள் இருக்கவில்லையா? உனக்கு 38-க்கே இப்படியா?" என்று கேலி செய்கிறார். முதுகெல்லாம் வேர்க்குரு, ஊரிலிருந்து கொண்டுவந்த க்ரீமைத் தடவுகிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை இப்படி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியவில்லை. பேசாமல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடலாமா?

ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகி

பதில்:

வணக்கம் டீச்சர். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, "மதியம் வரை தண்ணீர் குடிப்பதில்லை" என்பது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன். முதலில் சித்தப்பா கணக்கைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் குழப்பத்துக்குப் பாதி பதில் அதில் இருக்கிறது.

நம் உடம்பு சூட்டை வெளியேற்ற நம்பியிருப்பது வியர்வையை. வியர்த்தால் மட்டும் போதாது, அது தோலிலிருந்து ஆவியாகிப் போக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி சூட்டைத் தன்னோடு கொண்டுபோகும். சொட்டுச் சொட்டாகப் புடவையில் வழிந்துபோன வியர்வையால் அந்தப் பலன் கிடையாது. தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். சாரல் காலத்தில் தென்காசியில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் காயாதே, அதே கதைதான் ஈரக்காற்றில் உங்கள் தோலுக்கும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை போக இடமில்லை.

அல் ஐன் கடலை விட்டு உள்ளே தள்ளி, பாலைவனத்தை ஒட்டி இருக்கும் ஊர். அங்கே 46 டிகிரியும் 10 சதவீத ஈரப்பதமும் இருக்கும் ஒரு பகலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஷார்ஜாவில் 38 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்று வைப்போம். வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி அளந்தால் அல் ஐனில் 22 டிகிரி அளவில் நிற்கும், ஷார்ஜாவில் 32-ஐத் தொடும். வியர்வையால் உடம்பு எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதைக் காட்டும் அளவு இது. 35-ஐத் தாண்டினால் மனித உடம்பால் முடியாது என்று ஏட்டில் சொல்வார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஈரமான காற்றில் 31-ஐ ஒட்டியே உடம்பின் சூடு கட்டுக்குள் நிற்காமல் ஏறத் தொடங்கியது. ஆகவே சித்தப்பாவின் 46-ஐவிட உங்கள் 38 கடுமையானது. அவரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். அதற்காக அல் ஐன் வெயில் இளைத்தது என்று அர்த்தமில்லை. அல் ஐன் இருக்கும் அதே அபுதாபி அமீரகத்தில், ஸ்வெய்ஹான் என்ற ஊரில் 2025 மே 24 அன்று 51.6 டிகிரி பதிவானது. அது வேறு வகைச் சித்திரவதை.

இப்போது ஜூன், செப்டம்பர் கேள்வி. மே, ஜூனில் அமீரகக் கரையோரத்தில் பல நாட்கள் காற்று ஓரளவு காய்ந்திருக்கும். ஆகஸ்ட் முடியும்போது அந்த ஆழமில்லாத வளைகுடாக் கடல் கோடை முழுக்கச் சூடேறி, தண்ணீரே 33, 34 டிகிரிக்கு வந்துவிடும். அதிலிருந்து எழும் ஈரம் அத்தனையும் கரையோர ஊர்களின் மேல்தான். ராத்திரியிலும் விடிகாலையிலும் வெப்பநிலை கொஞ்சம் இறங்க, ஈரப்பதம் அந்த நேரத்தில் உச்சத்துக்குப் போகும். காலையில் ஏசி ஃபிளாட்டிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிகிறதா? படிந்தால் அன்றைய அசெம்பிளியைப் பற்றி உஷாராக இருங்கள். வெயில் ஏறாத ஏழரை மணிக்கு நீங்கள் விழுந்ததில் மர்மம் எதுவும் இல்லை. ஆகஸ்ட் 24 வாக்கில் சுஹைல் விண்மீன் விடிகாலை வானில் தெரிந்துவிட்டால் இனி சூடு இறங்குமுகம் என்று அரபு மக்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நாம் அகத்திய நட்சத்திரம் என்று சொல்வதும் அதையேதான், பொதிகை அடிவாரத்துக்காரரான உங்களுக்கு அதில் சொந்தம்கூட உண்டு. ஆனால் அந்த விண்மீன் தெரிந்த பிறகும் கரையோரப் புழுக்கம் வாரக்கணக்கில் நீடிக்கும். பள்ளிகள் சரியாக அந்த நேரம் பார்த்துத் திறக்கின்றன.

இன்னொரு காரணம் உங்கள் விடுமுறை. சூட்டுக்குப் பழகுவது என்பது மனத்துணிச்சல் சம்பந்தப்பட்டதல்ல, உடம்பில் நடக்கும் மாற்றம். தினமும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் சூட்டில் நடமாடினால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் ரத்தத்தின் நீரளவு கூடும், இதயத்துடிப்பு குறையும், வியர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறைவாகப் போகும். மே மாதம் நீங்கள் அறியாமலே இது நடந்தது. பிறகு ஜூலை, ஆகஸ்டில் எங்கே இருந்தீர்கள்? குற்றாலச் சீசனில், சாரலில், மேல்துண்டு போர்த்திக்கொண்டு தூங்கும் ஊரில்! சம்பாதித்த பழக்கம் சில வாரங்களில் கரைந்துபோகும். ஜூனில் இருந்த உடம்பை ஊரில் விட்டுவிட்டுப் புதிதாக ஓர் உடம்போடு விமானம் ஏறியிருக்கிறீர்கள். முந்தின நாள் இறங்கி மறுநாள் பள்ளிக்குப் போயாயிற்று. ஏசி வீடு, ஏசி பஸ், ஏசி வகுப்பு என்று இருப்பவர்களுக்குப் பழகுவதும் தாமதமாகும். ஷார்ஜாவில் வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி என்பதால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் ஃபிளாட்டுக்குள்ளேயே இருந்துவிட்டுத் திங்கட்கிழமை அசெம்பிளியில் போய் நிற்கிறீர்கள். அந்த மூன்று நாளும் சூரியன் இறங்கிய பிறகு அரைமணி நேரம் வெளியே மெதுவாக நடங்கள். வியர்க்கட்டும். தலை கனத்தால் உள்ளே வந்துவிடுங்கள்.

அசெம்பிளியில் நடந்தது என்ன? சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரியும். அசையாமல் நின்றால் ரத்தம் கால்களில் தங்கும். இரண்டும் சேர, மூளைக்கு ஏறும் ரத்தம் ஒரு கணம் குறைந்து கண் இருட்டும். விழுந்ததும் தலை தாழ்வதால் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும். புதிதாகச் சூட்டுக்கு வந்தவர்களிடம் முதல் சில நாட்களில் இது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். காலையில் வெறும் வயிற்றோடு போயிருந்தீர்களா என்று எழுதவில்லை. எழுதாவிட்டாலும் யூகிக்க முடிகிறது, விடிவதற்குள் பஸ் பிடிக்கும் டீச்சர்களில் முக்கால்வாசிப் பேர் டீயோடு கிளம்புகிறவர்கள். இனி இரண்டு இட்லியாவது இறங்காமல் கிளம்பாதீர்கள். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காமல், குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைச்சதை இறுகும்போது கீழே தேங்கிய ரத்தம் மேலே தள்ளப்படும். புடவைக்குள் யாருக்கும் தெரியாது. காதில் இரைச்சல், பார்வை மங்கல், வாயில் எச்சில் ஊறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் மரியாதை பார்க்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுங்கள். பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று நிற்பவர்கள்தான் விழுந்து பல்லை உடைத்துக்கொள்கிறார்கள்.

இருந்தாலும் மயக்கத்தை முழுவதும் சூட்டின் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. காரணம் உங்கள் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயசைடு என்பது சிறுநீர் வழியாக உப்பையும் நீரையும் வெளியே தள்ளி பிரஷரைக் குறைப்பது. தென்காசியில் உங்களுக்குச் சரியாக இருந்த அளவு, வியர்வையாக லிட்டர் கணக்கில் போகும் ஊரில் அதிகமாகிவிடலாம். ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் குறைந்தால் தலைவலியும் வரும், கெண்டைக்காலும் இழுக்கும். கூடவே டெல்மிசார்டன். அதன் மேல் தலைவலிக்கு இப்யூபுரூஃபன். இந்த மூன்றும், நீர் வற்றிய உடம்பும் ஒன்று சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பாதிக்கப்படலாம். மருத்துவர்கள் பயப்படும் கூட்டணி இது. ஆகவே இப்யூபுரூஃபனை இன்றோடு நிறுத்துங்கள், டைக்ளோஃபெனாக் போன்ற மற்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். தலைவலிக்கு முதலில் தண்ணீர், அப்புறம் தேவைப்பட்டால் பாரசிட்டமால். பிரஷர் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பாதியாக உடைக்கவும் வேண்டாம்.

இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் ஷார்ஜா உட்பட எல்லா அமீரகங்களிலும் தனியார் ஊழியர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். உங்கள் அட்டை பள்ளி அலுவலகத்தில் தூங்கிக்கொண்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். படுத்த நிலையில் ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கினால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும். சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின், ஓர் இசிஜி, சிறுநீர்ப் பரிசோதனை. நீர்க்கடுப்பை "சூடு பிடித்துக்கொண்டது" என்று வெந்தயத் தண்ணீரோடு விட்டுவிடாதீர்கள். அது தொற்றாக இருந்தால் கிருமி வளர்த்துப் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும். காய்ச்சல், குளிர், விலாவில் வலி சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதையும் சொல்லுங்கள். டெல்மிசார்டன் கர்ப்பத்தில் ஆகாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். உங்கள் கடிதத்தின் மையம் இதுதான் என்று நினைக்கிறேன். வெயிலை ஒன்றும் செய்ய முடியாது, கால அட்டவணையைச் செய்யலாம்.

பெண் ஆசிரியர்கள் பாத்ரூமுக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பது ஊரிலும் நடக்கிறது, அங்கேயும் நடக்கிறது. ஊரில் சுத்தமில்லை என்று, அங்கே நேரமில்லை என்று. விளைவு ஒன்றுதான்: நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல். வளைகுடாவில் சிறுநீரகக் கல் தொல்லை அதிகம் என்பதை அங்கே வேலை பார்த்த எந்த மருத்துவரும் சொல்வார். நானும் பார்த்திருக்கிறேன். சும்மா "நிறையக் குடியுங்கள்" என்று எழுதினால் நீங்கள் குடிக்க மாட்டீர்கள், ஏனென்றால் உங்கள் பயம் நியாயமானது. அதனால் நேரம் பார்த்துக் குடியுங்கள். குடித்த தண்ணீர் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் சிறுநீர்ப்பையை நிரப்பத் தொடங்கும். ஐந்து மணிக்கு எழுந்ததும் இரண்டு டம்ளர் குடித்தால் ஆறேகாலுக்கு வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்பலாம். பஸ்ஸில் இறங்குவதற்கு முன் இன்னொரு டம்ளர், அது அசெம்பிளிக்கு. அதற்குப் பிறகு ஒரே மூச்சில் குடிக்காமல், போர்டில் எழுதித் திரும்பும்போதெல்லாம் இரண்டு மடக்கு. ஏசி காற்றில் நாள் முழுக்கப் பேசும் தொண்டைக்கும் அது நல்லது. டீச்சர்களின் குரல் கம்மிப்போவதற்கு இந்த வறட்சியும் ஒரு காரணம். இடைவேளை மணி அடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு ஒரு டம்ளர் என்று வைத்தால், மணி அடிக்கும்போது போக வேண்டியிருக்கும், போகவும் முடியும்.

அவசரத்துக்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பக்கத்து வகுப்பு டீச்சரிடம் பேசி, ஒருவர் போகும்போது மற்றவர் இரண்டு வகுப்பையும் வாசலில் நின்று பார்த்துக்கொள்வது. ஐந்து நிமிட விஷயம். வகுப்பைத் தனியாக விடக் கூடாது என்ற விதிக்கும் குந்தகமில்லை. மதியத்துக்குள் இரண்டு தடவையாவது போயிருக்க வேண்டும், நிறம் வெளுத்த வைக்கோல் மாதிரி இருக்க வேண்டும். அடர் மஞ்சளாகவோ தேன் நிறத்திலோ இருந்தால் பாக்கி நிற்கிறது என்று அர்த்தம். வைட்டமின் பி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மட்டும் இந்த நிறக்கணக்கு தப்பும்.

நாள் முழுக்க இரண்டரை, மூன்று லிட்டர் உங்கள் வேலைக்குப் போதும். பயந்துபோய் ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரை ஊற்றாதீர்கள். வெறும் தண்ணீர் அளவுக்கு மீறினால் சோடியம் இறங்கும், உங்கள் மாத்திரையோடு அது இன்னும் சுலபமாக இறங்கும். உப்பு மாத்திரை வேண்டாம். பிரஷர் உள்ளவருக்கு யாரோ சொன்னார் என்று உப்பைத் தனியாக விழுங்குவது முட்டாள்தனம் (சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், கோபித்துக்கொள்ளாதீர்கள்). வழக்கமான சாப்பாட்டில் இருக்கும் உப்பு பெரும்பாலும் போதுமானது. நன்றாக வியர்த்து ஊற்றிய நாளில், பஸ் டியூட்டி முடிந்து வந்ததும் மோரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடிக்கலாம். பக்காலாவில் (அங்கே மளிகைக் கடைக்கு அதுதான் பெயர்) கிடைக்கும் லபன் நம் மோருக்கு அண்ணன்தான், தண்ணீர் விளாவிக்கொள்ளுங்கள். சிலவற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கும், பாட்டிலைப் படியுங்கள். பழைய சோற்று நீராகாரம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஓஆர்எஸ் பொட்டலம் வீட்டில் இரண்டு இருக்கட்டும், வயிற்றுப்போக்குக்கும் உண்மையாகவே நீர் வற்றிய நாளுக்கும். கலக்குவதானால் பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீர், ஒரு சொட்டுக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தினசரி பானமாக அது வேண்டாம். அங்கே பிரபலமான கரக் சாயா என்ற கெட்டிப் பால் டீயை இரண்டு வேளை குடித்தால் நீர் வற்றிவிடும் என்பது மிகை. அதிலுள்ள சர்க்கரைதான் பிரச்சினை.

பஸ் டியூட்டியைப் பற்றி. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திறந்தவெளியில், நேர் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று 2005-இலிருந்து விதி இருக்கிறது. கட்டடத் தொழிலாளர்களை மனதில் வைத்து வந்தது. பள்ளி டியூட்டிக்கு அதைச் சட்டமாகக் காட்டி வாதாட முடியாது. ஆனால் பிரின்சிபாலிடம் பேசும்போது எடுத்துக்காட்டாகக் காட்ட முடியும், அந்த நேரத்தின் ஆபத்தை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது அல்லவா? கேட்பதைப் பெரிதாகக் கேட்காதீர்கள். இருபத்தைந்து நிமிடம் ஒருவர் நிற்பதற்குப் பதில் பத்துப் பத்து நிமிடமாக மாறி நிற்பது. தார்த்தரையில் நிற்காமல் நிழல்கூரையின் கீழ் வரிசையை நிறுத்துவது. அக்டோபர் வரை அசெம்பிளியை உள்ளே நடத்துவது அல்லது வகுப்பறை ஒலிபெருக்கியில் முடிப்பது. "எனக்கு முடியவில்லை" என்று தனியாகப் போனால் உங்கள் பலவீனமாகிவிடும். "பிள்ளைகளுக்கு ஆபத்து" என்று நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் நிர்வாகத்தின் பொறுப்பாகிவிடும். டாக்டரைப் பார்க்கும்போது, இரண்டு வாரம் வெளி டியூட்டி வேண்டாம் என்று ஒரு சீட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் உடம்பு பழகிவிடும். குடை எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே வெயிலுக்குக் குடை பிடிப்பவர்கள் குறைவு, பார்ப்பவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். உடை, பாலியெஸ்டர் கலக்காத பருத்தியாக, தளர்வாக. மாற்று ரவிக்கை ஒன்று பள்ளி அலமாரியில் இருந்தால் மதியத்துக்கு மேல் நீங்கள் வேறு மனுஷி.

வீட்டில் மூன்று பேர் கரண்ட் பில்லைப் பங்கு போடுவதால் ராத்திரி ஏசியை அணைத்துவிடுகிறீர்களோ என்று ஒரு சந்தேகம். செப்டம்பர் ராத்திரியில் அந்தச் சிக்கனம் வேண்டாம். பகலெல்லாம் சூடு வாங்கிய உடம்பு ஆறுவது தூக்கத்தில்தான். 26-இல் வைத்து ஃபேனும் போடுங்கள், 20-இல் வைப்பதைவிடப் பில் குறையும். குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வெந்நீராகக் கொட்டுகிறது என்று புதிதாக வந்தவர்கள் புலம்புவார்கள். அங்கே பழகியவர்கள் கோடை முழுக்க கீஸரை அணைத்துவிடுவார்கள். அதன் கொள்கலன் வீட்டுக்குள் ஏசியில் இருப்பதால் அதில் நிற்கும் தண்ணீர் ராத்திரிக்குள் ஆறிவிடும். சிவப்புக் குறி போட்ட குழாயைத் திறந்து குளிப்பார்கள். பள்ளிவிட்டு வந்ததும் ஒரு குளியல், தலைவலிக்குப் பாதி மருந்து. அம்மா சொல்லும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் தாராளமாக எடுங்கள். முதுகில் மட்டும் எண்ணெய் வேண்டாம், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ஒரு பிள்ளை விழுந்தால். உடனே நிழலுக்கு, முடிந்தால் ஏசி அறைக்கு. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். ஒரு நிமிடத்தில் விழித்து, தன் பெயரும் வகுப்பும் தெளிவாகச் சொன்னால் உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கலாம். அன்றைக்கு விளையாட்டு மைதானம் கிடையாது, பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். பயப்பட வேண்டியது வேறு மாதிரி: உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறான், தள்ளாடுகிறான், வலிப்பு வருகிறது. இது வெப்பத்தாக்கு, உள்சூடு 40-ஐத் தாண்டியிருக்கும். "வியர்க்கிறதே, அதனால் அது இல்லை" என்று ஏமாறாதீர்கள், விளையாடி விழுந்த பிள்ளைக்கு வியர்வை ஊற்றிக்கொண்டே வெப்பத்தாக்கு வரும். ஒருவர் 998-க்கு ஆம்புலன்ஸ் கூப்பிட, மற்றவர் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். சட்டையைக் கழற்றி, கையில் கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி, நோட்டை வைத்து விசிறுங்கள். கேன்டீனில் ஐஸ் இருந்தால் ஈரத்துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கைகட்டி நிற்கும் பத்து நிமிடம்தான் மூளையைப் பாதிக்கும். தெளிவில்லாத பிள்ளையின் வாயில் தண்ணீரோ பாரசிட்டமாலோ போடக் கூடாது. முன்னது மூச்சுக்குழலில் போகும், பின்னது இந்தச் சூட்டில் வேலையே செய்யாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ள பிள்ளைகள் யார் யார் என்று நர்ஸிடம் கேட்டு உங்கள் வகுப்புப் பட்டியலில் குறித்துவையுங்கள்.

வேலையை விடும் யோசனையை இப்போது எடுக்காதீர்கள். செப்டம்பரில் எடுக்கும் முடிவை உடம்பின் அலுப்பு எடுத்துவிடும். அக்டோபர் பாதிக்கு மேல் காற்று மாறும். நவம்பர் முதல் மார்ச் வரை அங்கே இருக்கும் காலம் நம் ஊர் மார்கழி, தை போல. சாயங்காலம் அல் மஜாஸ் கரையில் கூட்டம் அலைமோதும். டிசம்பரில் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். மாத்திரையை மாற்றி, தண்ணீரைச் சரிசெய்து, டியூட்டியைக் குறைத்த பிறகும் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் தடுமாறினால் மட்டும் நானே "கிளம்பி வாருங்கள்" என்று சொல்வேன். தொடர்வதானால் அடுத்த வருடம் பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்பே போய்விடுங்கள். போய்ச் சேர்ந்த அன்றிலிருந்து சாயங்கால நடை, நாளுக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொண்டே.

கடைசியாக அந்த க்ரீம். வேர்க்குருவுக்கு வேண்டியது குளிர்ச்சியும் காய்ந்த தோலும்தான். குளித்து, ஒற்றித் துடைத்து, காலமைன் லோஷன் தடவினால் போதும். எண்ணெயும் பவுடர் அப்பலும் வியர்வைத் துளைகளை அடைக்கும். இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், தொடை இடுக்கில் வட்டமாக அரித்தால் அது படர்தாமரை. ஊரில் கடையில் கேட்டதும் கொடுக்கும் கலவை க்ரீம்கள் பலவற்றில் குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். தடவிய அன்று அரிப்பு நின்று, அடுத்த மாதம் இரண்டு மடங்காகப் பரவும். ட்யூபின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். "சால்", "சோன்" என்று முடியும் பெயர் ஏதாவது இருந்தால் தடவுவதை விட்டுவிட்டு, டாக்டரிடம் போகும்போது அந்த ட்யூபையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.